ஒரே ஷிராஸ், இரண்டு கோப்பைகள்: கோவையில் பெயர் மறைத்து ஒயின் சுவைத்த அனுபவம்

பெயர் மறைத்து ஒயின் சுவைக்கும் எங்கள் சிறு கூட்டம், இந்த முறை தன் நாக்கையே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தது. யோசனை, கணபதியில் பம்ப் உதிரிகள் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் நண்பருடையது. அவருடைய தொழிலில் ஓர் அளவுமானியை நம்பலாமா என்று அறிய, ஒரே உதிரியை அளப்பவருக்குத் தெரியாமல் இரண்டு முறை கொடுத்து, இரண்டு அளவும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துவராத கருவியால் நூறு உதிரிகளை அளந்தாலும் பயனில்லை. “மார்க் போடறதெல்லாம் போடறமுங்ணா, அந்த மார்க்கு நிக்குமான்னு ஒருக்கா பாத்துப்போட்டு அப்பறம் ஒயினைப் பத்திப் பேசலாமுங்களே” என்று அவர் சொன்னதை அனைவரும் ஏற்றுக்கொண்டோம்.

இதற்கு நல்ல முன்னோடி உண்டு. பெயர் மறைத்துச் சுவைத்தல் என்றாலே, 1976-ஆம் ஆண்டு மே 24 அன்று பாரிஸில் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் தம்மை அறியாமல் கலிபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்த நிகழ்ச்சியைத்தான் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது, கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரும் ஒயின் தயாரிப்பாளருமான ராபர்ட் ஹாட்ஜ்சன் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் செய்த சோதனை. அவர் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து, ஒவ்வொரு நடுவருக்கும் மூன்று முறை கொடுத்தார். மூன்றுக்கும் தங்கம், வெள்ளி போன்ற ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் அளித்தவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே என்று 2008-இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. தொழில்முறை நடுவர்களின் நிலையே அதுவென்றால், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து மதிப்பெண் போடும் நாங்கள் அந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சுவைப்பவர்கள் ஆறு பேர். ஆளுக்கு ஆறு கோப்பை. ஒயின்களின் பெயர்கள் எல்லாம் அவற்றின் திராட்சை வகைகளின் பெயர்களே. வெள்ளையில் நாசிக் பகுதியின் செனின் பிளாங், சாவிஞோன் பிளாங் ஆகிய இரண்டு. சிவப்பில் நாசிக் ஷிராஸ், நந்தி மலை அடிவாரத்தின் கேபர்னே சாவிஞோன்–ஷிராஸ் கலவை, சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜில் விளைந்த சாஞ்சியோவேசே ஆகிய மூன்று. நான்காவது சிவப்புக் கோப்பை அம்மூன்றில் ஒன்றின் மறுபதிப்பு. எது இருமுறை வருகிறது என்பது, புட்டிகளைத் தேர்ந்து ஊற்றுவதாக ஒப்புக்கொண்ட என் தங்கைக்கு மட்டுமே தெரியும். அவள் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள், மது அருந்தும் பழக்கம் இல்லாதவள். இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். இந்தியாவின் ஒயின் தோட்டங்களில் புரட்டாசியை ஒட்டிக் கவாத்து செய்து தை முதல் மாசி, பங்குனிவரை அறுவடை செய்கிறார்கள். ஐரோப்பாவில் அறுவடை ஆவணியை ஒட்டித் தொடங்கும். ஆகவே இரு நாட்டுப் புட்டிகளைக் கலந்தால் புட்டியின் வயதும் குறுக்கிடும் என்று கருதி, இந்த முறை இந்தியப் புட்டிகளை மட்டும், ஒரே ஆண்டு அறுவடையில் வந்தவையாக வாங்கச் சொல்லியிருந்தேன்.

மறைத்தல் என்பது நினைப்பதைவிட நுட்பமான வேலை. முந்தைய கூட்டங்களில், திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் நண்பர் வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து குழாயாகவே இறங்கும் துணியில் முழ நீளத் துண்டுகளைக் கொண்டுவருவார். அதைப் புட்டியின்மேல் இழுத்துவிட்டு அடியில் முடிச்சிட்டால் தையலே இல்லாத உறை ஆகிவிடும். ஆனால் அந்தத் துணி நெகிழ்ந்து ஒட்டிக்கொள்வதால் புட்டியின் தோள் அகலமா சரிவா என்பது தெரியும். மூடி திருகுமூடியா தக்கையா என்பதும் தெரியும். புட்டிகளைப் பார்த்துப் பழகியவருக்கு அதுவே பாதிக் குறிப்பு. இந்த முறை புட்டி கூடத்துக்கு வரவே இல்லை. தங்கை அடுக்களையில் ஊற்றி, கோப்பையின் அடியில் மூன்று இலக்க எண் ஒட்டி அனுப்பினாள். ஒன்று, இரண்டு என்றோ அ, ஆ என்றோ எழுதினால் முதலில் நிற்பதற்கு மனம் தானாகவே ஒரு மதிப்பைக் கொடுத்துவிடும். 417, 862 போன்ற எண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிவப்பு நான்கும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசையில் வரும்படி அவள் கட்டம் போட்டு வைத்திருந்தாள். இந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால், பின்னால் சொல்லப்போகும் செய்தி எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

கோப்பைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவைப்புக்கென்றே 1977-இல் வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 3591 என்ற பன்னாட்டுத் தர அளவுக் கோப்பை சுமார் 215 மில்லி கொள்ளும்; அதில் 50 மில்லி மட்டுமே ஊற்றவேண்டும். மீதி இடம் வாசனைக்கு. மர அலமாரியில் கவிழ்த்து வைத்த கோப்பைக்குள் மரவாசனையும் பாச்சை உருண்டை நெடியும் தங்கிவிடுவதால், சோப்பு போடாமல் வெந்நீரில் அலசி, கரூர்ப் பருத்தித் துண்டால் துடைத்து, வெறுங் கோப்பையை ஒவ்வொருவரும் முகர்ந்து பார்த்த பிறகே அடுக்களைக்கு அனுப்பினோம். சுவைத்து முடியும்வரை தாளிப்பு இல்லை, ஊதுபத்தி இல்லை, தலையில் மல்லிகை இல்லை. மதியத்துக்கான அரிசியும் பருப்பும் சாதத்தை அதன் பிறகுதான் அடுப்பில் ஏற்றினார்கள்.

ஒயினைத் துப்புவதில் எங்கள் கூட்டத்துக்குத் தயக்கம் இல்லை. 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினில் ஆறு கோப்பைகளையும் விழுங்கினால் ஏறத்தாழ 40 மில்லி தூய ஆல்கஹால் உள்ளே போகும். நான்காவது கோப்பைக்குள் நாக்கு மழுங்கிவிடும். வாயில் சுழற்றும்போதே ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறிவிடுவதால், துப்புவதால் வாசனையில் பெரிய குறை வராது. ஆளுக்கொரு எவர்சில்வர் சொம்பு போதுமானது.

வெப்பநிலையை நான் பிடிவாதமாகக் கவனிக்கிறேன். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற வழக்கம், 16 முதல் 18 பாகை செல்சியஸ் நிலவும் குளிர்நாட்டு வீடுகளுக்கு உரியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதத்திலும் வடவள்ளியில் என் கூடம் 29 பாகை காட்டியது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு மூக்கில் ஏறி, பழவாசனையை மூடிவிடும். மாறாக, மிகவும் குளிர்ந்தால் வாசனை அடங்கி, துவர்ப்பும் புளிப்பும் கூர்மையாகும். சிவப்புப் புட்டிகள் போதிய நேரம் குளிர்பெட்டியில் இருந்து 17 பாகையில் வெளியே வந்தன. ஊற்றிய பத்து நிமிடங்களில் கோப்பையில் 20-ஐத் தாண்டிவிட்டதால், நான்கு கோப்பைகளையும் ஒரே நேரத்தில் ஊற்றியது நல்லதாயிற்று.

வெள்ளைச் சுற்று விரைவாக முடிந்தது. சாவிஞோன் பிளாங்கின் பச்சைக் குடைமிளகாய் வாசனையை ஐந்து பேர் ஐயமின்றிப் பிடித்தார்கள். அந்த வாசனைக்குக் காரணமான மெத்தாக்சிபைரசின் சேர்மம் குடைமிளகாயிலும் உள்ளது. செனினின் மெல்லிய இனிப்பையும் எல்லோரும் குறித்திருந்தார்கள். பேசுவதற்கு அங்கே அதிகம் இல்லை.

சிவப்புச் சுற்றில்தான் விளைவு வந்தது. 20-க்கு மதிப்பெண் போட்டு, தாள்களைத் தங்கையிடம் கொடுத்தபின் அவள் எண்களைப் பிரித்தாள்: இருமுறை வந்தது ஷிராஸ். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய அந்த இரண்டு கோப்பைகளுக்கும் ஒரு மதிப்பெண் வேறுபாட்டுக்குள் நின்றவர்கள் இருவர். மூவருக்கு இடைவெளி இரண்டு அல்லது மூன்று. ஃபவுண்டரி நண்பரின் தாளில் ஒன்றுக்கு 16, மற்றொன்றுக்கு 11. அவருடைய குறிப்புகளை அப்படியே தருகிறேன். 16 வாங்கிய கோப்பைக்கு “நாவல் பழம், வழவழப்பு, இறங்கிய பிறகும் நிற்கிறது”. 11 வாங்கியதற்கு “காய்த் துவர்ப்பு, ஈறு இறுகுகிறது, பழம் குறைவு”.

வரிசைக் கட்டத்தை விரித்துப் பார்த்தோம். 16 வாங்கிய கோப்பை அவருக்கு முதலில் வந்தது; 11 வாங்கியது கடைசியில் வந்தது. மற்றத் தாள்களிலும், பின்னால் வந்த ஷிராஸுக்கே பெரும்பாலும் துவர்ப்பு கூடுதலாகக் குறிக்கப்பட்டிருந்தது. இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின், உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து, வாயின் வழுக்கலைக் குறைக்கிறது. துவர்ப்பு என்று நாம் உணர்வது அந்த உலர்ச்சியைத்தான். உமிழ்நீர் மீண்டும் ஊறுவதற்கு முன் அடுத்த வாய் எடுத்தால், முந்தைய கோப்பையின் துவர்ப்பும் அடுத்ததன் கணக்கில் சேர்ந்துவிடும். சிறுவாணித் தண்ணீரால் கொப்பளிப்பது மட்டும் இதைத் துடைப்பதில்லை. உப்பில்லாத வெறும் பிரட்டை மென்று, தண்ணீர் குடித்து, இரண்டு நிமிடம் காத்திருந்தபோது வேறுபாடு நன்றாகக் குறைந்ததை அன்றே மீதி ஒயினில் செய்து பார்த்தோம். இனிமேல் சிவப்புக் கோப்பைகளுக்கு இடையே கடிகாரம் வைத்துக் காத்திருப்பது எங்கள் விதி.

ஷிராஸ் பற்றி மற்றொரு விவாதமும் எழுந்தது. அதில் மிளகு மணக்கிறது என்று நான்கு பேர் எழுதியிருந்தோம். கொல்லிமலை மிளகை வாங்கி விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த நாமக்கல் நண்பர் மட்டும் மறுத்தார்: “மிளகு மிளகுங்கறீங்க, எனக்குத் திராட்சைத் தொலி வாசந்தானுங்க வருது.” மூட்டையைத் திறந்ததும் மிளகின் தரத்தை மூக்கால் சொல்லக்கூடியவர் அவர் என்பதால், மற்ற நால்வரும் கற்பனை செய்கிறோமோ என்ற ஐயம் எழுந்தது. ஷிராஸில் மிளகு வாசனைக்குக் காரணமான சேர்மம் ரோட்டண்டோன் என்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் கண்டறிந்தார்கள். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே உணரக்கூடிய அளவுக்கு அது வலியது. ஆனாலும் அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மிக உயர்ந்த அளவிலும் அது எட்டவே இல்லை. மிளகில் ரோட்டண்டோன் தவிரப் பைனீன், லிமோனீன் எனப் பல வாசனைப் பொருள்கள் இருப்பதால், இந்த ஒன்றை உணராதவரும் மிளகை மற்றவற்றைக் கொண்டு எளிதில் அடையாளம் காண முடியும். நண்பர் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். அப்படியென்றால் அவர் தாளும் சரி, எங்கள் தாள்களும் சரி. சுவையைப் பற்றிய வாக்குவாதங்களில் குரலை உயர்த்துவதற்கு முன் இந்த வாய்ப்பை நினைவில் கொள்ளவேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மதிப்பெண் இவ்வளவு ஆடுகிறது என்றால், ஷிராஸுக்கும் நந்தி மலைக் கலவைக்கும் நாங்கள் கண்டதாகச் சொல்லும் வேறுபாடு மெய்யானதா என்ற கேள்வி வந்தது. அதற்கு முக்கோணச் சோதனையே ஏற்றது. ஒவ்வொருவருக்கும் மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது நல்லது என்று கேட்பதில்லை, எது வேறு என்று மட்டுமே கேட்கவேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக விழும். முதலில் ஆறு பேரில் நால்வர் சரியாகச் சொன்னார்கள். கூடத்தில் மகிழ்ச்சி எழுந்தாலும், தங்கை கணக்கிட்டுக் காட்டினாள்: வெறும் ஊகத்தாலேயே ஆறில் நால்வரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு, அதை வைத்து எதையும் நிலைநாட்ட முடியாது. ஷிராஸ் இரண்டு கலவை ஒன்று என்றிருந்ததை, கலவை இரண்டு ஷிராஸ் ஒன்று என்று மாற்றி மீண்டும் ஊற்றினாள். மறுபடியும் நால்வர். பன்னிரண்டு விடைகளில் எட்டு சரி என்பது ஊகத்தால் நிகழும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அந்த இரண்டு ஒயின்களும் வேறு என்பதை எங்கள் நாக்கு அறிகிறது என்று இப்போது சொல்லலாம். எது மேலானது என்பதைச் சொல்லும் தகுதி எங்கள் மதிப்பெண்களுக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சேர்க்கை முடிவாகியிருக்கிறது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளையும் பன்னீர் திராட்சையை நசுக்கி, அதன் சாற்றை முன்மாதிரி வாசனையாக ஒரு கோப்பையில் வைக்கப்போகிறோம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த வகைக்குரிய மணத்தைத் தருவதில் லினலூலுக்குப் பெரும் பங்கு உண்டு; கொத்தமல்லி விதையின் மணமும் பெரும்பாலும் அதே சேர்மத்தால் வருவதுதான். நம் ஊரில் திராட்சை என்றவுடன் மூக்கு தேடுவது இந்த வாசனையை என்பதால், அது இல்லாத ஒயினைப் பழவாசனை குறைந்தது என்று நாங்கள் எழுதிவிடுகிறோமோ என்று பார்க்க வேண்டும். அதே ஆறு பேர், அதே கோப்பைகள், சிவப்புக்கு 17 பாகை, இடையே பிரட்டும் இரண்டு நிமிடமும். இருமுறை வரும் ஒயின் எது என்பதைத் தங்கை ஏற்கெனவே தேர்ந்துவிட்டாள், நான் கேட்கவில்லை.