தவறான விடைகளையும் படித்த மாலை வகுப்பு

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக மாலை வகுப்பில் கணக்கு நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பகல் முழுவதும் எங்காவது வேலை பார்த்துவிட்டு, ஆறரை மணிக்குமேல் களைப்போடு வந்து அமர்கிறவர்கள். தேர்விலோ மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். ஒரு வினாவுக்கு 54 நொடிதான் கிடைக்கும். அதனால் குறுக்குவழிச் சூத்திரங்களைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று முதல் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு வேலையும் நேரமும் கணக்கில்தான் உடைந்தது.

ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் மற்றொருவர் 24 நாளிலும் முடிப்பார்கள். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். நான்கு நாள் கழித்து முதலாமவர் விலகிவிடுகிறார். வேலை முடிய மொத்தம் எத்தனை நாளாகும்? கொடுத்திருந்த விடைகள் 8, 12, 16, 18. மாதிரித் தேர்வில், தையல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்த ஒரு மாணவி 8 என்று குறித்திருந்தார். நான் தவறு என்று கோடிட்டதும், “நீங்க சொல்லிக் கொடுத்த ஃபார்முலாதானே சார் போட்டேன்?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். இரண்டு எண்களையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்கச் சொன்னவன் நான். இருவரும் கடைசிவரை சேர்ந்தே வேலை செய்தால் மட்டுமே அது பொருந்தும் என்பதை அழுத்திச் சொல்லாமல் விட்டவனும் நான்தான்.

அன்றிரவு அந்த நான்கு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை 24 பங்காகக் கொண்டால் முதலாமவர் நாளுக்கு இரண்டு பங்கும் அடுத்தவர் ஒரு பங்கும் முடிப்பார்கள். நான்கு நாளில் 12 பங்கு முடிந்துவிடும், மீதி 12 பங்குக்கு இரண்டாமவருக்கு 12 நாள், ஆக மொத்தம் 16. சூத்திரத்தைக் கண்ணை மூடிப் போட்டவருக்கு 8 கிடைக்கும். மீதி நாளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் வினா கேட்டது மொத்த நாளை என்பதை மறந்தவருக்கு 12 காத்திருக்கும். இரண்டு எண்களின் சராசரியை எடுத்தவருக்கு 18. ஆக, அங்கிருந்த தவறான விடைகள் மூன்றுமே மாணவர் செய்யக்கூடிய மூன்று பிழைகளை முன்கூட்டியே அறிந்து வைக்கப்பட்டவை. நாம் போட்டுப் பார்த்த எண் தாளில் இருக்கிறது என்பதற்காகவே அதைச் சரி என்று நம்பிவிடக் கூடாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் இதைத் தமிழ் நடத்தும் ஐயாவிடம் சொன்னபோது, இலக்கணத்திலும் இதே கதைதான் என்றார். ‘செந்தமிழ்’ என்பதைப் பிரித்தெழுதச் சொன்னால் காது ‘செந் + தமிழ்’ என்று பிரிக்கும்; ஓரளவு படித்தவர் ‘செம் + தமிழ்’ என்பார். விடையோ ‘செம்மை + தமிழ்’. பண்புப்பெயர் புணரும்போது ‘மை’ விகுதி கெட்டு, எஞ்சிய மகர மெய் தகரத்துக்கு இனமான நகரமாகத் திரிகிறது என்ற வழியை அறிந்தவருக்கு, மற்ற இரண்டும் அந்த வழியின் நடுவில் நின்றுவிட்டவை என்பது தெரிந்துவிடும். மொத்த நாளைக் கேட்ட இடத்தில் மீதி நாளோடு நின்றுவிடுவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

அதன்பிறகு எங்கள் இருவர் வகுப்பிலும் ஒரு பழக்கம் வந்தது. சரியான விடையைக் குறித்தால் மட்டும் போதாது. மற்ற மூன்றும் எந்தப் பிழையால் வரும் என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். முதலில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு மாலையில் பத்துக் கணக்குக்கு மேல் போக முடியவில்லை. ஆனால், குறுக்குவழிகளின் உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் வழக்கம் தானாக வளர்ந்தது. 10,000 ரூபாய்க்கு 8 விழுக்காட்டில் இரண்டாண்டுக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் 64 ரூபாய். முதலாண்டு வட்டியான 800 ரூபாய்க்கு இரண்டாம் ஆண்டு கிடைக்கும் வட்டிதான் அது என்று புரிந்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை. வேர்ச்சொல் வினாக்களும் அப்படித்தான்: ‘கண்டான்’, ‘சென்றான்’, ‘தந்தான்’ எதுவானாலும், எதிரில் இருப்பவரை ஏவினால் எப்படிச் சொல்வோம் என்று பார்த்தால் காண், செல், தா என்று விடை வந்து நிற்கும். ‘ஊறுகாய்’ வினைத்தொகையா, அதாவது காலம் வெளிப்படாமல் முக்காலத்துக்கும் பொருந்தும் தொடரா என்ற ஐயம் வந்தால், ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று முக்காலத்திலும் விரித்துப் பார்க்கலாம்.

தேர்வறையில் எதை முதலில் எழுதுவது என்று பலரும் கேட்பார்கள். தமிழைத்தான் சொல்வேன். 100 தமிழ் வினாக்கள், 75 பொது அறிவு, 25 திறனறிவு என்ற அமைப்பில், தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படுவதே இல்லை. இலக்கண வினா அரை நிமிடம்கூடக் கேட்காது. அங்கே மிச்சமாகும் நேரம் கணக்குக்குக் கைகொடுக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், ஒரு வினாவில் இரண்டு விடைகளையாவது காரணத்தோடு நீக்க முடிந்தவர், ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்புவதைவிட மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிப்பதே நல்லது.

இப்போது சனிக்கிழமைகளில் மாணவர்களே வினாத்தாள் அமைக்கிறார்கள். கடன் வசூலிக்கும் வேலையில் இருக்கும் ஒருவர் சென்ற வாரம் ‘வாராக் கடன்’ என்பதற்கு இலக்கணக் குறிப்புக் கேட்டிருந்தார். விடை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; ‘வாராத’ என்பதன் கடைசி எழுத்து கெட்டு ‘வாரா’ என்று நிற்கிறது. அதோடு அவர் வைத்த மூன்று தவறான விடைகளில் ஒன்று வினைத்தொகை. “தொகைன்னு பார்த்ததும் பணம்னு நினைச்சு அதைத் தொடுவாங்க சார்” என்று காரணமும் எழுதியிருந்தார். வகுப்பில் நால்வர் அதைத்தான் குறித்திருந்தார்கள்.