நடத்தை விதிகள்: சண்டை எந்த வரியில் தொடங்குகிறது?

2025 பிப்ரவரி 3

திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் விதிகளைப் பற்றிய குறிப்புகள் இவை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்து தொடங்குகிறேன். 2015 மார்ச்சில் அங்கே ‘கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ (மோதல் விதி) என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு சேர்ந்தது. உங்கள் நிரல் கடுமையாகவே அலசப்படும்; யாராவது உங்களைத் தனிப்பட்ட முறையில் தாக்கினால் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கு எழுதுங்கள் என்றது. எதெல்லாம் குற்றம், அதற்கு என்ன நடவடிக்கை என்ற பேச்சே அதில் கிடையாது.

2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. கெர்னலின் 4.19 பதிப்புக்கான நான்காவது சோதனை வெளியீடு (4.19-ஆர்சி4) பற்றிய அறிவிப்பில், கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கியிருப்பதாக எழுதினார். அதே ஆர்சி4-இல் பழைய கோப்பு நீங்கி, பல திட்டங்கள் எடுத்தாளும் நடத்தை விதி வார்ப்புருவான கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் 1.4-ஐத் தழுவிய விதிகள் வந்துவிட்டன. ஒற்றை வரி பேட்ச் (நிரல் திருத்தம்) கூடப் பல கைகள் பார்த்த பிறகே நுழையும் இடம் அது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி மட்டும் வழக்கமான பொது அலசல் இல்லாமல் நுழைந்தது. விதியின் உள்ளடக்கத்தை ஏற்றவர்கள் கூட இந்த வழிமுறையை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

2025 பிப்ரவரி 4

அந்த விதிகளில் உண்மையாகவே இடறிய இரண்டு வரிகள்.

ஒன்று: பிறரின் மின்னஞ்சல் முகவரியை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது. கெர்னலில் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவாகும் மாற்றத்திலும்) அதை அனுப்பியவர் ஒப்பமிடும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி உண்டு. பிழையைச் சொன்னவருக்கு ‘ரிப்போர்ட்டட்-பை’ வரி உண்டு. இரண்டிலும் பெயரும் முகவரியும் பொதுவில் நிற்கும். சொல்லுக்குச் சொல் படித்தால் அன்றாட வேலையே விதிமீறல் ஆகிவிடும். வேறு திட்டங்களுக்கு எழுதிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் வரும் கோளாறு இது.

இரண்டு: விதியை அமல்படுத்தாத பராமரிப்பாளரே (கெர்னலின் ஒரு பகுதிக்குப் பொறுப்பானவரே) நடவடிக்கைக்கு ஆளாகலாம். இரவில் சம்பளமில்லாமல் பேட்ச் பார்ப்பவரைக் காவலராகவும் ஆக்கி, தவறினால் தண்டனை என்றும் சொன்ன வரி. இதை அக்டோபரிலேயே நீக்கினார்கள். கூடவே, விதிகளைக் கெர்னலுக்கு எப்படிப் பொருத்திப் படிப்பது என்று விளக்க ஆவணம் ஒன்றும் சேர்ந்தது. 4.19 வெளியான அக்டோபர் 22-க்குள் இதெல்லாம் முடிந்தது. இந்த ஐந்து வார வேலையை முதலில் செய்திருந்தால் கூச்சலில் பெரும்பகுதி எழுந்தே இருக்காது.

2025 பிப்ரவரி 6

அந்தச் செப்டம்பரில் ஒரு மிரட்டலும் உலவியது: விதிகள் பிடிக்காதவர்கள் தாங்கள் எழுதிய நிரலின் உரிமத்தைத் திரும்பப் பெறலாம் என்று. கெர்னலின் உரிமமான ஜிபிஎல் 2-ஐத் திறந்து படித்தாலே பதில் கிடைக்கும். 4-ஆம் பிரிவின்படி, நிபந்தனையை மீறியவருக்குத்தான் உரிமம் ரத்தாகும். 6-ஆம் பிரிவின்படி, நிரலைப் பெறும் ஒவ்வொருவருக்கும் உரிமம் மூல ஆசிரியரிடமிருந்தே தானாக வந்து சேரும். எழுதியவர் கோபித்துக்கொண்டால் ரத்து என்று எங்கும் இல்லை. திறந்த மூலத் திட்டங்களுக்குத் துணைநிற்கும் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் இதையே விளக்கியது.

2025 பிப்ரவரி 7

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள், 2018. நடத்தை விதி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால், ஆறாம் நூற்றாண்டுப் புனித பெனடிக்டின் துறவிகளுக்கான 72 நெறிகளை வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அதற்கு ‘அறநெறி’ என்று பெயர் மாற்றினார்கள். புகார் எங்கே போகும், யார் விசாரிப்பார் என்பது அதில் இல்லை. ஆகவே நமக்குத் தேவையான எதுவும் அங்கே கிடைக்காது.

2025 பிப்ரவரி 10

யார் விசாரிப்பது என்ற கேள்வியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் கவனிக்க வேண்டியது. புகார்க் குழுவை, திட்டத்தை வழிநடத்தும் மையக் குழு நியமிக்கிறது. ஆனால் மையக் குழு உறுப்பினர் யாரும் அதில் இருக்க முடியாது. மேற்பார்ப்பவரே விசாரிப்பவராகவும் இருக்கக் கூடாது என்பது காரணம்.

அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரஸ்ட் நிரல்மொழித் திட்டம் சாட்சி. 2021 நவம்பரில் நடத்தை விதியை அமல்படுத்தும் அதன் நெறியாளர் குழு முழுவதும் விலகியது: மையக் குழு தனக்குத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலையில் இருக்கிறது, அதன் மீது விதியைச் செலுத்த முடியவில்லை என்று அறிவித்துவிட்டு. 2023-இல் வந்த தலைமை மன்ற அமைப்பு இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. நெறியாளர் முடிவுகளைத் தணிக்கை செய்ய வழி வைத்தார்கள். மாற்று நெறியாளர்களையும் முன்கூட்டியே குறித்து வைத்தார்கள். தலைமை மன்றமும் நெறியாளர் குழுவும் முற்றிலும் முட்டிக்கொண்டால், எந்தத் தரப்பும் இரண்டு குழுக்களையும் ஒருசேரக் கலைக்கலாம். மற்றவரைக் கலைத்தால் தானும் போக வேண்டும். நான் பார்த்த ஏற்பாடுகளில் மிகவும் யோசித்துச் செய்தது இதுதான்.

2025 பிப்ரவரி 11

பைத்தான் நிரல்மொழித் திட்டம், 2024 ஆகஸ்ட். டிம்சார்ட் வரிசைப்படுத்தலை எழுதிய மூத்த நிரலாளர் மூன்று மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். அறிவிப்பில் நடத்தைகளின் பட்டியல் இருந்தது. எந்தப் பதிவு, எந்த வாக்கியம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். புகார் தந்தவரை மறைப்பது அவசியம். பொதுவெளியில் எழுதிய வாக்கியத்தை மறைப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. இடம் காட்டாத குற்றச்சாட்டுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

2025 பிப்ரவரி 13

மீண்டும் கெர்னல். 2024 நவம்பரில், நடத்தை விதி மீறலுக்காக, 6.13 பதிப்புக்கான சுற்றில் ஒரு கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் பகுதியின்) பராமரிப்பாளருடைய புல் ரிக்வெஸ்ட்டுகளை (மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகளை) ஏற்க வேண்டாம் என்று முடிவானது. கெர்னலின் ஒரு சுற்று ஒன்பது, பத்து வாரம். அத்தனை நாளும் அவர் அனுப்பும் திருத்தங்கள் நின்றுபோனால் காத்திருப்பவர் அந்தக் கோப்பு முறைமையின் பயனர். அதற்காகத் தண்டனையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தடை வரும் நாளிலேயே பிழைத்திருத்தங்களை வேறொருவர் வழியாக அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும். அதே சமயத்தில் விளக்க ஆவணத்தில் ஒன்று தெளிவானது: தடைக்கு ஆலோசனைக் குழுவின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

2025 பிப்ரவரி 15

சிறு திட்டங்களுக்கு. கவனன்ட் வார்ப்புருவில் ‘மின்னஞ்சல் முகவரியை இங்கே இடுக’ என்ற வெற்றிடம் இருக்கும். பல ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) அது நிரப்பப்படாமலே கிடக்கிறது. முதலில் அதை நிரப்புங்கள். முகவரி ஒருவரின் சொந்தப் பெட்டியாக வேண்டாம். குறைந்தது மூன்று பேருக்குப் போகட்டும். அந்த மூவரில் ஒருவர் மீதே புகார் வந்தால் அவரைத் தவிர்த்து எழுத, மற்ற இருவரின் தனி முகவரியும் விதிக் கோப்பில் இருக்கட்டும். கவனன்ட்டின் 2.0 பதிப்பில் திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படிகள் உண்டு, 1.4 வைத்திருப்பவர்கள் அதற்காகவாவது மாறலாம். புகார் கிடைத்ததாகப் பதில் அனுப்ப மூன்று நாள், மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்று கெடு எழுதுங்கள். மேல்முறையீட்டைக் கேட்பவர் முதல் முடிவில் கையெழுத்திட்டவராக இருக்கக் கூடாது. ஆள் போதவில்லை என்றால், பக்கத்துத் திட்டம் ஒன்றுடன் பேசி, அவர்களுடைய மேல்முறையீட்டை நீங்களும் உங்களுடையதை அவர்களும் கேட்பதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.