எனாமல் எழுத்துக்கு அடியில்

சென்ற மாசியில் காவிரியின் தென்கரையிலுள்ள ஒரு சிற்றூர்ச் சிவன் கோயிலுக்குக் கல்வெட்டுப் பார்க்கப் போயிருந்தேன். கருவறையின் தெற்குப் புறச்சுவரில், தட்சிணாமூர்த்தி மாடத்துக்கு இடப்புறம் இரண்டு அரைத்தூண்களுக்கு நடுவில், எட்டு வரிகளில் சோழர் காலத் தமிழ் எழுத்து. காலை ஒன்பது மணி வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிழல் கொடுத்திருந்தது. கல்வெட்டைப் படம் எடுப்பவர்கள் தவம் கிடக்கும் வெளிச்சம் அதுதான். சூரியன் மேலே ஏறிவிட்டால் எழுத்தெல்லாம் கல்லோடு கல்லாகத் தட்டையாகிவிடும். கைப்பேசியை உயர்த்தியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், எழுதியிருக்கிறதைப் பார்க்கலையா? போட்டோ எடுக்கக் கூடாதுங்க."

எழுதித்தான் இருந்தது. நீல எனாமல் பெயின்டில், அதே சுவரில், அதே கல்வெட்டின் மேலேயே, "புகைப்படம் எடுக்கக் கூடாது" என்று. சொன்னவர் கோயிலின் மெய்க்காவல், அறுபது வயதிருக்கும். "சாமியை எடுக்கலை ஐயா, சுவரைத்தான் எடுக்கிறேன்" என்றேன். "சுவரும் சாமிதாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோயில் கோயிலாகச் சுற்றுகிறவன் என்ற முறையில், இந்தத் தடை ஓர் இடத்தில் இருப்பதுபோல் இன்னோர் இடத்தில் இருப்பதில்லை என்பதை நான் அறிவேன். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் 2018 ஜூலை முதல் பொதுவாகப் படம் எடுக்கலாம். அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலில் கல்லறை இருக்கும் பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் அப்போது விலக்கு வைத்தார்கள். அறநிலையத் துறைக் கோயில்களின் கதை வேறு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்ததை ஒட்டி, உள்ளே கைப்பேசி கொண்டுபோகவே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்கள் அனைத்திலும் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்று அதே மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயிலின் தூய்மையும் புனிதமும் காக்கப்பட வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெரிய கோயில்களில் இப்போது கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறார்கள். சிறிய கோயில்களில் எனாமல் பெயின்ட் இருக்கிறது, மெய்க்காவல் இருக்கிறார். (கேமராவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போன காலமும் உண்டு, சீட்டு வாங்கியவன் எடுத்தால் மட்டும் புனிதம் எப்படிக் கெடாமல் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

தடையே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதோஷத்தன்று, தூணில் சாய்ந்து கண்களை மூடி நின்ற ஒரு பெண்மணியின் முகத்தில் விளக்கொளி விழுந்த அழகைப் பார்த்து, கேட்காமலே படம் எடுத்துவிட்டேன். அவர் கண்ணைத் திறந்தபோதுதான் அழுதுகொண்டிருந்தார் என்பது தெரிந்தது. கோபப்படவில்லை. "அழிச்சிடுங்க தம்பி" என்று மட்டும் சொல்லி, நான் அழிக்கும் வரை திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் ஒரு பலகை இருந்து என்னை முன்பே தடுத்திருந்தால் அதற்கு நான் நன்றி சொல்லியிருப்பேன். அபிஷேகத்தின்போது கருவறையை நோக்கி நூறு கைப்பேசிகள் உயர, பின்னால் நிற்கும் முதியவர்களுக்குச் சாமியே தெரியாமல் போகிற கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள் சுற்றுப்பாதையிலும் தடைக்கு நியாயம் இருக்கிறது. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த இடம் அது. குறுகலான, காற்றோட்டமற்ற அந்த இருட்டுப் பாதையில் தினமும் ஆயிரம் பேர் மூச்சு விட்டுக்கொண்டு போனால் ஆயிரம் ஆண்டுச் சுண்ணமும் வண்ணமும் தாங்காது. பொதுமக்களை உள்ளே விடாமல், ஓவியங்களின் படங்களை வெளியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க முடியாததில் எனக்கு ஏக்கம் உண்டே தவிர வருத்தம் இல்லை. அங்கே ஓவியத்தை முறையாகப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகு கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

சிற்றூர்க் கோயில்களில் அந்த முதல் பாதிதான் நடப்பதில்லை. நம்மை எடுக்க வேண்டாம் என்கிறவர்கள், தாங்களும் எடுத்து வைப்பதில்லை. அதன் விலை என்ன என்பதற்கு ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயில் ஒன்று போதும். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் 1978 நவம்பரில் விஜயநகரக் காலத்து ராமர், சீதை, இலக்குவன் செப்புத் திருமேனிகள் களவு போயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்த சிலைகள் அவைதாம் என்று எப்படி மெய்ப்பிக்க முடிந்தது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958 ஜூனில் அந்தக் கோயிலுக்குப் போய் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்களால். படத்தையும் சிலையையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகு, 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் அவை ஒப்படைக்கப்பட்டன. அந்த நவம்பரிலேயே ஊர் வந்து சேர்ந்தன.

அந்த நிறுவனம் 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய நடராஜர், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டவர் என்று நிலைநாட்டவும் அந்தத் தொகுப்புப் படமே உதவியது. 2014 செப்டம்பரில் அவர் நாடு திரும்பினார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் அவருடனேயே வந்தார். அன்றைக்கு அந்தப் படப்பிடிப்பாளர்கள் உள்ளே வந்தபோது, எந்த ஊர் மெய்க்காவலோ குருக்களோ "கூடாது" என்று சொல்லியிருந்தால் அவருடைய பக்தியில் யாரும் குறை கண்டிருக்க முடியாது; ஆனால் அந்த ஊர்ச் சாமி இன்றைக்கு ஏதோ ஒரு சீமையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருப்பார். உற்சவர் களவு போன பின் காவல் நிலையத்தில் "உயரம் எவ்வளவு, கையில் என்ன இருந்தது, படம் இருக்கிறதா?" என்று கேட்டால், பட்டும் மாலையுமாக அலங்கரித்த திருவிழாப் படம் ஒன்றை நீட்டுகிற கோயில்கள்தாம் பல. பட்டுக்குள் இருக்கும் செம்பை அதில் எங்கே பார்ப்பது?

கல்வெட்டைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. அதற்குத் திருப்பணியே போதும். மணல் வீச்சு எந்திரத்தால் சுவரைச் சுத்தம் செய்தால் எழுத்தும் சேர்ந்து உதிர்கிறது. சிமென்ட் பூசினால் புதைகிறது. டைல்ஸ் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். ஒரு கோயிலில் நான் பாதி படித்து, மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவந்த கல்வெட்டு, குடமுழுக்கு முடிந்து போனபோது சந்தன நிறப் பெயின்டுக்கு அடியில் இருந்தது. அங்கேயும் அன்று படம் எடுக்க விடவில்லை. அந்தக் கோயில்காரர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே காவிரிக்கரையில் அன்று எனக்குக் கொஞ்சம் பதற்றம் இருந்தது. திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு மூங்கில்கள் வந்து இறங்கியிருந்தன. மெய்க்காவலிடம் திரும்பப் போய், "எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "எழுதறதுக்கு ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்.

பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கெல்லாம் வெயில் ஏறி எழுத்துகள் மங்கத் தொடங்கவே, ஒரு துண்டை உயர்த்திச் சுவருக்கு நிழல் கட்டி, கைப்பேசியின் விளக்கைப் பக்கவாட்டில் காட்டிக் காட்டிப் படித்தேன். மூன்று கை தேவைப்படும் வேலை அது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மெய்க்காவல், கைப்பேசியைத் தாமே வாங்கி, "இப்படியா, இன்னும் கீழேயா?" என்று கேட்டபடி விளக்கைப் பிடித்தார். ஒன்றரை மணி நேரம், படம் எடுக்கக் கூடாத சுவரிலிருந்து ஒரு சாண் தொலைவில், என் கைப்பேசி அவர் கையில்தான் இருந்தது. "என்னதாங்க எழுதியிருக்கு?" என்றார். நந்தா விளக்கு ஒன்று எரிப்பதற்காக ஒரு பெண் சாவா மூவாப் பேராடு 96 கொடுத்திருக்கிறாள், சந்திரரும் சூரியரும் உள்ளவரை அது எரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றேன். "ஆடு சாகாதா?" என்று சிரித்தார். சாகிற ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளை வைத்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஆட்டை ஏற்றவனின் பொறுப்பு என்று விளக்கினேன். "யாருங்க அந்தம்மா?" என்று கேட்டார்.

ஆறாவது வரியில் அவள் பெயர் வருகிறது. முதல் எழுத்து தெரிகிறது. அதற்கு அடுத்தவை "கூடாது" என்பதன் "கூ"வுக்கு அடியில் இருக்கின்றன. அவர் விரலால் எனாமலைத் தடவிப் பார்த்தார், நகத்தால் லேசாகச் சுரண்டியும் பார்த்தார், வரவில்லை. என் நோட்டில் அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறேன்.