கடைசி வரிக்குப் பின்னால் ஒரு என்டர்

ஒரு என்டர் தட்டியதற்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த ஆள் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடிதத்தில் எழுதியது அத்தனையும் உண்மை. அதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

2023 பிப்ரவரி மழையைப் பற்றி டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்தே முளைவிட்டது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்றால் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் எங்கே திரும்பினாலும் பட்டியல்தான். ஊருக்கு ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று கமா போட்டுப் பிரித்த பட்டியலாக, எங்கள் அலுவலகத்துக்கு வரும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி மேலே அனுப்புவது என் வேலை.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொரு கோப்பாக எக்செல்லில் திறந்து, காப்பி பண்ணி, பேஸ்ட் பண்ணி சேர்ப்பாராம். ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள். நான் கருப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளை அடிப்பேன். காப்பி, ஸ்லாஷ் பி, ஸ்டார் டாட் சிஎஸ்வி, அப்புறம் வேறு ஃபோல்டரில் போய் உட்கார வேண்டிய மொத்தக் கோப்பின் பெயர். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த ஸ்லாஷ் பி முக்கியம். அதைப் போடாமல் கோப்புகளைச் சேர்த்தால் விண்டோஸ் அவற்றை வெறும் எழுத்துக் கோப்புகளாக நினைத்துக்கொண்டு, கடைசியில் கன்ட்ரோல் இசட் என்ற குறியை ஒட்டிவிடும். அந்தக் காலத்து சிபிஎம் இயங்குதளத்தில் கோப்பின் அளவு 128 பைட் துண்டுகளாகத்தான் தெரியும். உண்மையான முடிவு எங்கே என்று காட்ட அந்தக் குறி தேவைப்பட்டது. அந்தத் தேவை போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, குறி மட்டும் போகவில்லை. ஸ்லாஷ் பி போட்டால் இருப்பது இருக்கிறபடியே சேரும்.

இருக்கிறபடியே என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் கட்டளை எதையும் படிக்காது. ஒரு கோப்பின் கடைசி பைட் முடிந்த இடத்தில் அடுத்த கோப்பின் முதல் பைட்டை வைக்கும். ஊர் மாறுகிறது, ஆள் மாறுகிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் நான் எப்போதும் இரண்டு முறை எண்ணுவேன். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரி என்று எடுத்துக் கூட்டி வைத்துக்கொள்வேன், சேர்த்த பிறகு மொத்தக் கோப்பில் எத்தனை என்று பார்ப்பேன். தலைப்பு வரி போடாதீர்கள் என்று எல்லா ஊருக்கும் முன்பே சொல்லியிருந்தேன், அதனால் வரி என்றால் ஆள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு வரி குறைந்தது.

தேடிப் பிடித்தேன். ஓர் ஊரின் கடைசி ஆளுடைய வங்கிக் கணக்கு எண்ணின் வாலில், அடுத்த ஊரின் வரிசை எண் 1 வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில், யுடிஎஃப்-8 கோப்புகளின் தலையில் எக்செல் வைக்கும், கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட்டும் இருந்தன. வரி குறைந்தது ஒன்று, ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். இவர் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் கூடிப்போய் அது யாருடைய எண்ணும் இல்லாமல் ஆகிவிட்டது. அடுத்த ஊரின் முதல் ஆள் இவருடைய வரிக்குள்ளேயே புதைந்துவிட்டார். காரணம் சின்னது. முதல் ஊரின் கோப்பில் கடைசி வரிக்குப் பின்னால் என்டர் இல்லை.

யூனிக்ஸ் உலகத்தில் பாஸிக்ஸ் தரவிதிப்படி, முடிவில் புதுவரிக் குறி இருந்தால்தான் அது வரி. லினக்ஸில் டபிள்யூசி கட்டளையை வரி எண்ணச் சொன்னால் அது அந்தக் குறிகளைத்தான் எண்ணும். அந்த மனிதர் கணக்கிலேயே வரமாட்டார். நான் எண்ணுவதற்குப் பயன்படுத்திய விண்டோஸின் ஃபைண்ட் கட்டளை அவரையும் எண்ணிவிடுகிறது. அதனால்தான் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரிந்தது. அந்த ஊர் பெயர் அகரவரிசையில் கடைசியாக இருந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒட்ட யாரும் இல்லை, நானும் எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

நோட்பேடில் அந்த ஊர்க் கோப்பைத் திறந்து, கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் ஒரு என்டர் தட்டிச் சேமித்தேன். இரண்டு பைட் கூடியது. மறுபடி சேர்த்தேன், எண்ணிக்கை சரியாக வந்தது. அந்த ஊரில் கணக்கெடுத்துக் கோப்பைக் கொடுத்த அக்காவின் பென்டிரைவ் என் மேசையிலேயே இருந்தது. இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி இருக்கக்கூடாது என்று திருத்திய கோப்பை அதிலும் போட்டு வைத்தேன். பழைய கோப்பின் மேல் புதியது உட்கார்ந்தது. என்னிடமும் பழையது இல்லை.

பென்டிரைவை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

"தம்பி, என் ஃபைலை யாரு தொறந்தது?"

"நான்தான்க்கா. ஏன்?"

"நான் குடுத்தது சாயங்காலம். இதுல ராத்திரி பத்தரைன்னு காட்டுதாம். எங்க ஊர்ல இன்ஜினியரிங் படிக்கிற பய ஒருத்தன் பாத்துட்டுச் சொல்றான். கடைசிப் பேரு யாருதுன்னு பாத்தீல்ல?"

பார்த்திருந்தேன். ஆனால் கணக்கு எண்ணைத்தான் பார்த்திருந்தேன்.

அவர் ஒரு குத்தகைக்காரர். இரண்டு மா நிலம், கோப்பில் 0.27 ஹெக்டேர். பட்டா வேறொருவர் பெயரில். குத்தகை உரிமையைப் பதிந்து வைக்க 1969லேயே சட்டம் வந்துவிட்டது. வாய்வார்த்தையாகச் சாகுபடி செய்கிறவர்கள் இன்னும் எத்தனை பேர் என்பது இங்கே வயலில் இறங்கினவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களின் பெயர் முதலில் எழுதும்போது வராது. ஊர்ச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் இருக்கிறதா, நிலத்துக்காரர் ஒத்துக்கொள்கிறாரா என்று பேசி முடித்து, கடைசியில்தான் வரும். அதாவது கடைசி வரியில். இவருக்கு வர வேண்டியது கணக்குப் போட்டால் 5,400 ரூபாய். அதற்குத்தான் ஊரில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். இவர் அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம் வேறு.

"ஒரு என்டர்தான்க்கா தட்டினேன். பேரெல்லாம் தொடவே இல்லை."

"என்டர்னா என்ன தம்பி? ஊர்ல போயி என்டர்னா சொல்ல முடியும்? ராத்திரி ஆபீஸ்ல வச்சு பேரைச் சேத்துட்டாங்கன்னு சொல்றான்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லிப் பார்த்தேன். வரி முடிவு, ஒட்டிக்கொண்ட இலக்கம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். அதை ஒரு தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார்.

எங்கள் மேலாளருக்கு இதில் இஷ்டமில்லை. "நீ எதுக்குய்யா அதைத் தொட்ட? சேக்கச் சொன்னா சேத்துட்டுப் போ" என்றார்.

"அப்படியே சேத்திருந்தா ரெண்டு பேருக்குப் பணம் போயிருக்காது சார்."

"போகலைன்னா திரும்பி வரும். அப்பப் பாத்துக்கலாம்."

அப்பப் பார்த்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வந்து எங்கள் வராந்தாவில் நிற்பார்கள். அதனால் அந்த என்டரைத் தட்டியது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பென்டிரைவில் போட்டது வேண்டுமானால் அதிகப்பிரசங்கித்தனம். அதைக்கூட ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது.

எக்செல் ஒரு பட்டியலை சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி வரிக்கும் முடிவுக் குறி போடும். மறக்கவே மறக்காது. மற்ற எல்லா ஊர்க் கோப்பும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் இந்த ஒரு கோப்பில் மட்டும் அது ஏன் இல்லை? ஒரே விளக்கம்தான் எனக்குத் தோன்றியது. எக்செல்லில் முடித்த பட்டியலை யாரோ நோட்பேடில் திறந்து, அடியில் ஒரு வரியைக் கையால் அடித்து, என்டர் தட்டாமல் சேமித்திருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பெயர் பட்டியல் முடிந்த பிறகு சேர்ந்த பெயர். அந்த இன்ஜினியரிங் பையன் சொன்ன நேரம்தான் தப்பு. அவன் சந்தேகப்பட்ட இடம் சரி.

இதில் இன்னொரு சங்கடம், நோட்பேடில் திருத்தச் சொன்னதே நான்தான். சேமித்த சிஎஸ்வியை எக்செல்லில் மறுபடி திறந்தால் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் சுழியம் போய்விடும். நீளமான எண் என்றால் நடுவில் இ போட்டுச் சுருக்கிக் காட்டும், சேமித்தால் அந்தச் சுருக்கமே நிலைத்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். அதனால் "சின்னத் திருத்தம்னா நோட்பேடுல பண்ணுங்க" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அக்கா சொன்னபடி செய்திருக்கிறார், அவ்வளவுதானே? விடுபட்ட ஒருவரை முறைப்படி சேர்த்தாலும் கோப்பு இப்படித்தான் இருக்கும். சொந்தக்காரரைச் சத்தமில்லாமல் செருகினாலும் இப்படித்தான் இருக்கும்.

கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. "கடைசிப் பேரு நோட்பேடுல அடிச்சதாக்கா?" என்றேன்.

"ஆமா. சார் சொல்லித்தான் சேத்தேன்."

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. சொன்ன குரலில் தயக்கம் எதுவும் இல்லை. இதை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை, ஒளிக்க எதுவும் இல்லாதவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை, வரும் என்று தெரிந்த கேள்விக்குத் தயாராக வந்தவர் மாதிரி இருக்கிறது. அவர் மழைச்சேற்றில் வரப்பு வரப்பாக நடந்து கணக்கெடுத்தவர். நான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கட்டளை அடித்தவன். இவரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று அன்றைக்கே தோன்றியது.

கையெழுத்துப் போட்டு வந்த தாள் பட்டியல் பக்கத்து மேசையில் கட்டாகக் கட்டி வைத்திருந்தது. அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. பார்த்து, இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? அவர் அந்த நிலத்தில் சாகுபடி செய்தாரா இல்லையா என்பதற்குத் தாளும் சாட்சியில்லை, கோப்பும் சாட்சியில்லை. குத்தகைக்காரன் பெயர் தாளில் விடுபடுவது டெல்டாவில் அதிசயமா என்ன? இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கடிதம் இப்படிப் போனது: கோப்பு எங்களிடம் வந்தபோதே குறிப்பிட்ட பெயர் அதில் இருந்தது, நான் சேர்த்தது கடைசி வரியின் முடிவுக் குறி மட்டும், கோப்பில் காட்டும் நேரம் அந்தத் திருத்தத்தின் நேரம். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த வரி தனியாக அடிக்கப்பட்டது என்று எழுதவில்லை. யாரும் கேட்கவில்லையே. கேட்டிருந்தாலும் காட்ட எதுவும் இல்லை. அந்தக் குறி இல்லாமல் இருந்ததுதான் ஒரே தடயம், அதை நானே சரிசெய்துவிட்டேன். இப்போது அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறவருக்கு அதுவும் மற்ற ஊர்க் கோப்புகளைப் போலத்தான் தெரியும்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இது போதும்" என்றார். அப்புறம் அந்த ஊரிலிருந்து பேச்சு எதுவும் வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நான் காப்பி கட்டளையை விட்டுவிட்டேன். பவர்ஷெல்லில் கெட் கன்டென்ட் போட்டுச் சேர்க்கிறேன். அது வரி வரியாகப் படித்து, எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் தானே முடிவு போட்டுவிடும். மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. நடுவில் கிடக்கும் அந்த மூன்று பைட்டும் போய்விடும். கொஞ்சம் மெதுவாக ஓடும், பரவாயில்லை. கூடவே, வந்த கோப்புகளில் எதெதற்குக் கடைசியில் குறி இல்லை என்று தனியாக ஒரு பட்டியலும் எடுத்துக்கொள்கிறேன். மேலாளர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கைதான் சரியா வருதே, இது எதுக்கு?" என்று கேட்டார். "சும்மா இருக்கட்டும் சார்" என்றேன்.

அதில் வருகிற ஊர்களின் தாள் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா என்றால், இல்லை. வரி எண்ணிக்கை ஒத்துப்போனால் மேலே அனுப்பிவிடுகிறேன்.