நான்கு குழாய் வண்ணத்தில் மாநிறம்

எண்ணெய் வண்ணத்தில் மனித உருவம் தீட்டப் பழகும்போது வண்ணம் கலக்கும் தட்டான என் பேலட்டில் நான்கு நிறங்களை மட்டுமே வைத்துக்கொள்கிறேன்: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு. ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரால் அறியப்படும் சேர்க்கை இது. 1896இல் அவர் தீட்டிய தன்னுருவப் படத்தில் கையிலிருக்கும் பேலட்டிலும் நான்கே நிறங்கள்தான் தெரிகின்றன. சிவப்புக்கு அவர் வைத்திருந்தது பாதரசம் கலந்த வெர்மிலியன்.

நீலம் இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். ஐவரி கறுப்பில் வெள்ளையைக் கலந்து, காவிக்கும் சிவப்புக்கும் அருகில் வைத்தால் அந்தச் சாம்பல் கண்ணுக்கு நீலமாகவே படுகிறது. அதே கறுப்பில் காவி சேர்ந்தால் பாசிப்பச்சை கிடைக்கும்.

இணையப் பாடங்களில் பெரும்பாலும் வெளிறிய ஐரோப்பிய முகங்களே மாதிரியாக வருவதால், நம் மாநிறத்தை நாமே பார்த்துத்தான் கற்கவேண்டியிருக்கிறது. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கிழக்கு பார்த்த சன்னலருகே அமர்ந்து பெரியம்மா முருங்கைக்கீரை ஆயும் பிற்பகலில், வெயில் நேராக விழாமல் வானத்து வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. அப்போது அவர் கன்ன எலும்பின் மேல் மின்னும் இடம் மஞ்சளாக இல்லை, குளிர்ந்த சாம்பலாக இருக்கிறது. அங்கே காவி கலந்த வெள்ளையை வைத்தால் தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். கறுப்பும் வெள்ளையும் கலந்து, துளி சிவப்புச் சேர்த்து, ஒரே தீற்றலில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிட வேண்டும். கொண்டையும் பின்கழுத்தும் பின்னணி இருளோடு கரைய, நெற்றியின் ஓரம் மட்டும் கூர்மையாக நின்றால், கண்களை வெறும் நிழற்பட்டையாக விட்டாலும் முகத்தின் கனம் வந்துவிடுகிறது. கண்ணீர் வரைந்து சோகம் காட்டுவது காலண்டர் படத்தின் வேலை என்பது என் கட்சி.

ஒரு சலுகை உண்டு. அடிப்பூச்சுக்கு டர்பன்டைனில் கரைத்த அம்பர் என்னும் பழுப்பு மண்நிறத்தையே இடுகிறேன். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்ஸிஜனை ஏற்றே இறுகுகிறது. அம்பரில் உள்ள மாங்கனீசு அதை விரைவுபடுத்தும், ஐவரி கறுப்போ மெதுவாகவே காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கறுப்பு மிகுந்த பகுதி பிசுபிசுவென்று நின்றால் பொறுமையாகக் காத்திருக்கத்தான் வேண்டும். எண்ணெய் கூடுதலான பூச்சு எப்போதும் மேலேதான் வரவேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகள் குவியலில் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் அவற்றை நீரில் நனைத்தே போடுகிறேன்.

இந்த நான்கும் எட்டாத இடமும் உண்டு. பெரியம்மாவின் மயில்கழுத்துப் புடவையை இவற்றால் கொண்டுவர முடியாது. ஆகவே அமரும் நாளில் அரக்குப் புடவையே கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.