தண்ணீர் நிற்காத மிஷினும் கொளத்தூர் மீன்தொட்டி ட்யூபும்

"அக்கா, குழாயில தண்ணி வரல, தொட்டி காலியா?" என்று கீழ்வீட்டுப் பெண் குரல் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் மிஷினில் துணி போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனவள், திரும்பிப் பார்க்கவே இல்லை. போய்ப் பார்த்தால் டப்பின் கழுத்துவரை தண்ணீர். மேலே வந்துகொண்டே இருக்கிறது, மிச்சம் ட்ரெயின் குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி அப்படியே சாக்கடைக்குப் போயிருக்கிறது.

"வண்ணாரப்பேட்டையில வாக்கப்பட்டுட்டு துணி துவைக்க மிஷினை நம்பினா இப்படித்தான்" என்றார் அத்தை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பேர் இது. அத்தைக்கு அதில் ஒரு பெருமை.

மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்தார், பட்டனை அழுத்தினார், "போர்டு போயிடுச்சும்மா, 4,500 ஆகும்" என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. வந்ததற்கு 350 கொடுத்து அனுப்பினேன். கழற்றிப் பார்க்காமல், மிஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று அடுத்த ஞாயிறு உட்கார்ந்தேன்.

முதலில் வால்வு. தண்ணீர் இறங்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கினேன். சட்டென்று நின்றது. உள்ளே தண்ணீர் விடும் வால்வு கரண்ட் இருந்தால்தான் திறக்கும். அது சிக்கிக்கொண்டிருந்தால் ப்ளக்கைப் பிடுங்கினாலும் ஒழுகும். ஆக வால்வு நல்லது. யாரோ அதற்கு "இன்னும் விடு, இன்னும் விடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த யாரோ, வாட்டர் லெவல் சென்சார். இது தண்ணீரைத் தொடுவதே இல்லை. டப்பின் அடியில் ஒரு சின்ன அறை, அங்கிருந்து மேலே பேனல்வரை விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ட்யூப். டப்பில் தண்ணீர் ஏற ஏற ட்யூபுக்குள் மாட்டிக்கொண்ட காற்று அழுந்தும். மேலே சென்சாருக்குள் ஒரு ரப்பர் சவ்வு நகர்ந்து, கம்பிச்சுருளான காயிலுக்குள் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் துண்டு ஒன்றைத் தள்ளும். அதனால் மாறும் மின் அதிர்வெண்ணை வைத்து எவ்வளவு தண்ணீர் என்று போர்டு தெரிந்துகொள்ளும். 30 சென்டிமீட்டர் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் நூற்றில் மூன்று பங்குதான். அவ்வளவு லேசான விஷயம்.

ப்ளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டு (மோட்டார் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கும், கை வைக்காதீர்கள்) மேல் பேனலைத் தூக்கினேன். மல்டிமீட்டரில் சென்சார் காயில் 22 ஓம் காட்டியது. காயில் அறுந்துபோகவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ஊதினால் 'டிக்' என்று கேட்க வேண்டும் என்பார்கள். அது பழைய ஸ்விட்ச் வகைக்கு. இந்த வகையில் சத்தமே வராது. சத்தம் வராததால் சென்சாரைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சென்சாரிலிருந்து ட்யூபைக் கழற்றி, அந்த இடத்தில் பையனின் நெபுலைசர் ட்யூபை டெஃப்லான் டேப் சுற்றிச் செருகினேன். மறுமுனையை வெளியே விட்டு, பேனலை மூடி, மிஷினை ஆன் செய்தேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் ட்யூபில் மெதுவாக, சூடான காபியை ஆற்றுகிற அளவுக்குத்தான், ஊதி அப்படியே பிடித்தேன். பலமாக ஊதினால் சவ்வு கெட்டுவிடும். இரண்டு மூன்று விநாடி. தண்ணீர் நின்றது. முக்கால்வாசி காலியாக இருந்த டப்பில் அடித்தட்டு சுழல ஆரம்பித்தது! டப் நிறைந்துவிட்டதாக நம்பிவிட்டது மிஷின். போர்டும் சென்சாரும் நல்லதென்று என் வாயே சொல்லிவிட்டது. இவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து "இன்னொரு தடவை ஊது" என்றார்.

மிச்சம் ட்யூபும் அடியில் இருக்கும் அறையும்தான். டப்பில் கொஞ்சம் தண்ணீர் வைத்து ட்யூபில் ஊதினால் கீழே குபுகுபுவென்று கேட்க வேண்டும். ஊதினேன், கன்னம்தான் உப்பியது. தண்ணீரை வெளியேற்றி, இவரைப் பிடிக்கச் சொல்லி மிஷினைச் சுவரில் சாய்த்து, அடியில் ட்யூபைக் கழற்றினால், பழைய கஞ்சி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, நடுவில் நூல்பிசிறு. மெட்ரோ வாட்டர் வராத நாளில் போர் தண்ணீர்தான். அந்த உப்பும் சோப்பும் சேர்ந்தால் இப்படித்தான் திரியும். எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து சிரிஞ்சால் அடித்துக் கழுவினேன்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்கு பேரிடம் பீற்றிக்கொண்டாயிற்று.

நாலாவது வாரம் வேறு மாதிரி. சரியான அளவில் நிற்கும், துவைக்க ஆரம்பிக்கும், பத்து நிமிஷத்தில் மறுபடி தண்ணீர் பிடிக்கும். அடைப்பு என்றால் மிஷினுக்குத் தண்ணீர் அளவு ஆரம்பத்திலேயே தெரியாது. இது ஆரம்பத்தில் தெரிந்து, பிறகு மறக்கிறது. அப்படியென்றால் காற்று எங்கோ கசிகிறது. ட்யூபை முழுதாக உருவி, ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி ஊதினேன், சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற மாதிரி. தகரத்தின் ஓரம் உரசுகிற இடத்தில் ஊசி முனை அளவு குமிழி, ஒவ்வொன்றாக. நான் மிஷினைச் சாய்த்து நிமிர்த்தியபோது கிளிப்பில் திரும்ப மாட்டாமல் விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதே மாதிரி ட்யூப் பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை. வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர் போன கொளத்தூருக்குப் போய், மீன்தொட்டிக்குக் காற்று விடும் சிலிக்கான் ட்யூப் மூன்று மீட்டர் வாங்கினேன், மீட்டர் 20 ரூபாய். முனையைச் சுடுதண்ணீரில் நனைத்ததும் இறுக்கமாக ஏறிக்கொண்டது. முதலில் நீளமாக விட்டு நடுவில் தொங்கவிட்டேன். அந்தத் தொங்கலில் தண்ணீர் தேங்கி, அளவு மறுபடி தப்பியது. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும்படி வெட்டி, இரண்டு இடத்தில் கேபிள் டையால் கட்டினேன். மாட்டும்போது டப் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ட்யூபுக்குள் போதிய காற்று மாட்டாது.

டப் சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். துவைத்து முடிக்கும்வரை தண்ணீர் அதைவிட்டு நகரவில்லை. மிச்ச ட்யூபைப் பார்த்துப் பையன் மீன்தொட்டி கேட்கிறான்.