நானோ தூளுக்கு எந்தக் கருவியை நம்புவது?

கங்கைகொண்டான் சிப்காட்டில் பெயிண்டுக்குத் தூள் கலக்கும் சின்ன யூனிட் ஒன்றில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். மூட்டையில் இருப்பது நானோ டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது சாதாரணத் தூளைவிடப் பல மடங்கு நுண்ணிய வெள்ளைத் தூள். "மாவு மாதிரிதான இருக்கு அண்ணாச்சி, இதுல என்ன வந்துரும்?" என்று வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011-இல் பரிந்துரைத்த வரம்பைப் பாருங்கள்: ஒரு கனமீட்டர் காற்றில் சாதாரண நுண்தூள் 2.4 மில்லிகிராம் வரை, நானோ அளவு என்றால் 0.3 தான்.

சரி, அந்த 0.3-ஐ அளக்க இங்கே யாரிடம் வசதி இருக்கிறது? அதனால்தான் கேள்வி கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட்டு ஆபத்தைத் தரம் பிரிக்கும் கருவிகள் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான சிபி நானோடூல் தூள் எவ்வளவு கெடுதல் என்ற தீவிரத்துக்கு 100, அது ஆள்மேல் படும் வாய்ப்பான வெளிப்பாட்டுக்கு 100 என்று கணக்குப் போட்டு, பொதுக் காற்றோட்டம் போதும் என்பதிலிருந்து நிபுணரைக் கூப்பிடு என்பது வரை நான்கு படிகளில் ஒன்றைக் காட்டும். எனக்குப் பிடித்த விஷயம், ‘தெரியாது’ என்று பதில் சொன்னால் அது சும்மா விடாது, அந்தக் கேள்வியின் உச்ச மதிப்பெண்ணில் முக்கால் பங்கை ஆபத்துக் கணக்கில் ஏற்றிவிடும். துகள் அளவே எழுதாத பாதுகாப்புத் தாளோடு சரக்கு வந்து இறங்கும் ஊரில் இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது.

இதே மாதிரி இன்னொரு கருவியான நெதர்லாந்தின் ‘ஸ்டாஃபன்மேனேஜர் நானோ’, அறையின் அளவு, காற்றோட்டம் எல்லாம் கேட்கும். ஆனால் ஆடிக்காற்று ஜன்னல் வழியே தூளை வாரி இறைப்பதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? இரண்டும் வேறு வேறு விடை சொன்னால் கடுமையானதையே எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், தரையில் சிந்தியதை விளக்குமாறு போட்டுப் பெருக்கக் கூடாது, ஈரத்துணிதான்.